மின்சாரம் ஏறுகிறது, உமிழ்வு இறங்குகிறது: தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சுற்றுச்சூழல் கணக்கை எப்படிப் படிப்பது?

வாசகி27 எழுதியது:

ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நிலைத்தன்மை அறிக்கையை இரண்டு வாரமாகப் படித்து வருகிறேன். நான் இத்துறையில் வேலை பார்த்தவள் அல்லள். அட்டவணையைக் கண்டால் கூட்டிக் கழித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு. சொந்தச் செயல்பாடுகளால் வரும் உமிழ்வு அடிப்படை ஆண்டின் அளவில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்றும், பயன்படுத்தும் மின்சாரம் முழுவதும் புதுப்பிக்கத்தக்கது என்றும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. பின்னிணைப்பில் உள்ள மின்சார அட்டவணையிலோ, அதே ஆண்டுகளில் பயன்பாடு ஒரு முறைகூடக் குறையவில்லை. முன்பக்கம் மெய்யா, பின்பக்கம் மெய்யா, இரண்டுமே மெய்யா? இத்தகைய நிறுவனம் தன் சுற்றுச்சூழல் பாதிப்பை நடைமுறையில் எப்படி நிர்வகிக்கிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். பெயர் வந்தால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

தணிக்கைமேசை எழுதியது:

இரண்டுமே மெய்யாக இருக்க முடியும். இத்தகைய அறிக்கைகளைச் சரிபார்ப்பதே என் வேலை என்பதால் கணக்கு விதியிலிருந்து தொடங்குகிறேன்.

ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களும் பின்பற்றும், பசுங்குடில் வாயுக் கணக்குக்கான விதித்தொகுப்பு ஜிஹெச்ஜி புரோட்டோகால். அது உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது. நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருளும் தன் கருவிகளிலிருந்து கசியும் வாயுவும் ஸ்கோப் 1. விலைக்கு வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. வாங்கும் பொருள், விற்கும் பொருள், குத்தகைச் சொத்து, பணியாளர் பயணம் என்று சங்கிலியின் முன்னும் பின்னும் நடக்கும் மற்றவை எல்லாம், பதினைந்து வகைகளாக, ஸ்கோப் 3.

உங்கள் குழப்பத்தின் வேர் ஸ்கோப் 2-இல் இருக்கிறது. 2015-இல் வந்த வழிகாட்டியின்படி அதை இரண்டு முறைகளில் கணக்கிட வேண்டும். முதல் முறையில், மின்சாரம் எந்த மின்கட்டமைப்பிலிருந்து வருகிறதோ அதன் சராசரி உமிழ்வால் யூனிட்டுகளைப் பெருக்குகிறோம். இது இட அடிப்படை. இரண்டாவதில், நிறுவனம் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களையும் வாங்கிய சான்றிதழ்களையும் கழித்துக்கொள்ளலாம். இது சந்தை அடிப்படை. ஒரு காற்றாலை உற்பத்தி செய்த ஒரு மெகாவாட் மணி மின்சாரத்துக்கு உரிய சான்றிதழை வாங்கினால், நிறுவனம் பயன்படுத்திய ஒரு மெகாவாட் மணியின் உமிழ்வு சந்தை அடிப்படையில் சுழியாகிவிடும், அந்தக் காற்றாலை ஓடிய நேரமும் கோபுரம் மின்சாரம் இழுத்த நேரமும் ஒன்றாக இல்லாவிட்டாலும். முதல் பக்கத்துக்கு வருவது பெரும்பாலும் இந்த எண்தான். இட அடிப்படை எண் பின்னிணைப்பில் எங்கோ இருக்கும். முதலில் அதைத் தேடி எடுங்கள்.

சான்றிதழ்களை எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு விலை பேசி, அந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கடன் பெற்றுப் புதிய சூரிய நிலையம் எழும்பினால், அந்த மின்கொள்முதல் ஒப்பந்தத்தால் கட்டமைப்பில் உண்மையாகவே ஒன்று கூடுகிறது. ஏற்கெனவே பல்லாண்டுகளாக ஓடும் நீர்மின் நிலையத்தின் சான்றிதழை ஆண்டு முடிவில் மலிவாக வாங்கினால் எதுவும் கூடுவதில்லை. ஆனால் சந்தை அடிப்படைக் கணக்கு இரண்டுக்கும் ஒரே சுழியைத்தான் கொடுக்கிறது.

அலைக்கற்றை எழுதியது:

தணிக்கைமேசை காகிதப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். மின்சாரம் ஏன் குறையவில்லை என்பதை ரேடியோ வலையமைப்பில் வேலை பார்ப்பவனாகச் சொல்கிறேன்.

செல்பேசி நிறுவனத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அலுவலகத்திலோ தரவு மையத்திலோ செலவாவதில்லை. கோபுரங்களில் இருக்கும் அடிநிலையங்களில் செலவாகிறது. அங்கும் பெரும்பசி கொண்டது ஆண்டெனாவுக்கு முன்னால் சைகையைப் பெருக்கும் திறன்பெருக்கி. அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கு அலையாகாமல் வெப்பமாகிப் போகிறது. எவரும் பேசாத பின்னிரவில்கூட அடிநிலையம் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். 4ஜியில் பயனாளர் ஒருவரும் இல்லாதபோதும் ஒவ்வொரு மில்லிநொடியிலும் வழிகாட்டுச் சைகைகள் போய்க்கொண்டிருக்கும். 5ஜி வடிவமைப்பில் அந்த ஓயாத அறிவிப்பைக் குறைத்தார்கள். பயனாளர் இல்லாத அடிநிலையத்தின் அடிப்படை அறிவிப்பு பொதுவாக 20 மில்லிநொடிக்கு ஒரு முறைதான். இடைப்பட்ட நேரத்தில் திறன்பெருக்கியை உறங்கவிடலாம் என்பதே இதன் பயன்.

அப்படியானால் மின்சாரம் குறைந்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். 5ஜி வந்தபோது 4ஜியை எவரும் கழற்றவில்லை. அதே கம்பத்தில் பக்கத்திலேயே ஏற்றினோம். அறுபத்து நான்கு அனுப்பிகள் கொண்ட ஆண்டெனாத் தொகுதி, ஒரு பிட்டுக்கு ஆகும் மின்சாரத்தில் பழையதைவிடச் சிக்கனமானது. மொத்தமாக இழுக்கும் மின்சாரத்தில் பழையதைவிடப் பெரியது. அதனால்தான், 'ஒரு ஜிபி தரவுக்கு ஆகும் மின்சாரம் இத்தனை விழுக்காடு குறைந்தது' என்ற வரியை அறிக்கையில் பார்த்தால் நான் நின்று யோசிப்பேன். தரவுப் போக்குவரத்து தானாகவே ஆண்டுதோறும் பெருகுகிறது. பகுதி எண் பெருகினால், நிறுவனம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் விகிதம் இறங்கும். ஒரு கோபுரத்துக்கு இத்தனை யூனிட் என்று கேளுங்கள், அல்லது மொத்த யூனிட்டைக் கேளுங்கள்.

உறக்க முறைகளை இயக்குவதிலும் உள்ளூர ஓர் இழுபறி உண்டு. இரவில் ஓர் அலைவரிசையை அணைத்துவிட்டுக் காலையில் எழுப்பும் வசதி மென்பொருளில் இருக்கும். சேவைத் தரத்துக்குப் பொறுப்பான குழு அதை எச்சரிக்கையாக மட்டுமே இயக்கும். அழைப்பு துண்டிக்கப்பட்டால் கேள்வி அவர்களுக்கு வருகிறது, மின்கட்டணம் கூடினால் வேறொரு துறைக்குப் போகிறது. எங்கள் வலையமைப்பில் இரவுநேர அணைப்பு பரவலானது, மின்சார இலக்கையும் அதே குழுவின் ஆண்டு மதிப்பீட்டில் சேர்த்த பிறகுதான்.

கோபுரத்தடி எழுதியது:

கோபுரத்தின் அடிவாரத்தில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அலைக்கற்றை சொன்னது மேலே இருப்பது; கீழே இருப்பதையும் பார்க்க வேண்டும்.

மின்கட்டமைப்பு எட்டாத அல்லது அடிக்கடி தடைப்படும் இடங்களில் ஜெனரேட்டர் இல்லாமல் கோபுரம் இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். பாதிப்பைக் கூட்டுவது, ஜெனரேட்டரின் அளவும் சுமையும் பொருந்தாமல் போவது. உச்சத் தேவைக்கு எனப் பெரிய எந்திரத்தை வைத்துவிட்டு, அதன் திறனில் கால் பங்குகூட இல்லாத சுமைக்காக நாள் முழுவதும் ஓட்டுவார்கள். அரைகுறையாக எரிந்த கரி உள்ளே படியும், ஒரு யூனிட்டுக்கு ஆகும் டீசலும் கூடும். லித்தியம் பேட்டரியைச் சேர்த்து, எந்திரத்தைச் சரியான சுமையில் சில மணி நேரம் மட்டும் ஓட்டிப் பேட்டரியை நிரப்பிவிட்டு அணைத்துவிட்டால், சூரியத்தகடு வைப்பதற்கு முன்பே டீசல் வெகுவாகக் குறைகிறது. இதைப் பற்றி எந்த அறிக்கையிலும் நல்ல படம் வராது. சூரியத்தகட்டுப் படம்தான் வரும்.

அடுத்தது குளிரூட்டல். மின்னணுக் கருவிகள் 40 பாகைச் செல்சியஸ் வரை பெரும்பாலும் தாங்கும். தாங்காதது ஈய அமில பேட்டரி. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எங்கள் தொழிலின் பால பாடம். அந்த ஒரு பேட்டரிக்காக அறை முழுவதையும் ஆண்டு முழுவதும் குளிரூட்டிக்கொண்டிருந்தோம். பேட்டரியைத் தனிப் பெட்டியில் வைத்து அதை மட்டும் குளிர்வித்து, மற்றக் கருவிகளை வெளிக்காற்றுக்கு விட்டபோது ஏசியின் வேலை பெரும்பாலும் தீர்ந்தது.

குளிர்வாயுக் கசிவை எவரும் நினைப்பதில்லை. ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 2,088 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். டீசலில் சொன்னால் சுமார் 780 லிட்டரை எரித்ததற்கு ஒப்பு. 2016-இன் கிகாலித் திருத்தத்துக்குப் பிறகு இவ்வகை வாயுக்கள் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன என்றாலும், பழைய ஏசிகள் இன்னும் ஆயிரக்கணக்கான அறைகளில் ஓடுகின்றன. எத்தனை கிலோ நிரப்பப்பட்டது என்ற பதிவேடு ஒப்பந்ததாரரின் சட்டைப்பையில் இருக்கும் வரை அது ஸ்கோப் 1 கணக்கில் ஒழுங்காக ஏறாது. என் மேலாளரிடம் இந்தப் பதிவேட்டை முதன்முதலில் கேட்டபோது, எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டார்.

வாசகி27 எழுதியது:

மூவருக்கும் நன்றி. இட அடிப்படை எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன். அது பின்னிணைப்பின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், ஏறக்குறைய மின்சாரக் கோட்டைப் போலவே ஏறிச் செல்கிறது. ஆனால் கோபுரத்தடி ஐயா சொன்னதைப் படித்த பிறகு டீசல் வரியைப் பார்த்தேன். இடையில் ஓர் ஆண்டில் அது செங்குத்தாக விழுகிறது. அதே ஆண்டின் நிதிப் பகுதியில், கோபுரங்களின் பெரும்பகுதி தனி நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, மீண்டும் குத்தகைக்கு எடுக்கப்பட்டதாக இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

தணிக்கைமேசை எழுதியது:

உண்டு, நீங்கள் கைவைத்த இடம் சரியான இடம்.

உமிழ்வைத் தன் கணக்கில் சேர்ப்பதற்கு நிறுவனம் ஓர் எல்லையைத் தேர்ந்தெடுக்கிறது: பங்குரிமை, நிதிக் கட்டுப்பாடு, செயல்பாட்டுக் கட்டுப்பாடு ஆகிய மூன்றில் ஒன்று. செயல்பாட்டுக் கட்டுப்பாடு என்று எழுதிவிட்டால், கோபுரத்தை இயக்கும் பொறுப்பு வேறொருவருக்குப் போன நாளில் அதன் ஜெனரேட்டரும் இந்த நிறுவனத்தின் ஸ்கோப் 1-லிருந்து போய்விடுகிறது. அதே ஜெனரேட்டர், அதே டீசல், அதே புகை. கணக்கில் மட்டும் அது ஸ்கோப் 3-க்கு, பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்த சொத்துகள் என்ற எட்டாம் வகைக்கு, இடம்பெயர்ந்துவிட்டது. கோபுரங்களைப் பொதுவாக்குவதில் நன்மையும் உண்டு என்பதை மறுக்கவில்லை. மூன்று நிறுவனங்கள் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்தால் இரண்டு கோபுரத்தின் எஃகும் சிமென்ட்டும் இரண்டு ஜெனரேட்டர்களும் மிச்சம். ஆனால் அந்த நன்மை பகிர்வால் வருவது. விற்பனையால் தானாக வருவது எதுவும் இல்லை.

இதற்காகவே விதியில் அடிப்படை ஆண்டை மீண்டும் கணக்கிடும் கடமை இருக்கிறது. ஒரு சொத்துத் தொகுதியை விற்றால், அது தொடக்கத்திலிருந்தே இல்லாததுபோல அடிப்படை ஆண்டின் எண்ணையும் திருத்த வேண்டும். இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ அமைப்பு, மாற்றம் 5 விழுக்காட்டை எட்டினால் மறுகணக்கீடு வேண்டும் என்கிறது. அப்படித் திருத்தியிருந்தால் நீங்கள் பார்த்த செங்குத்து வீழ்ச்சி வரைபடத்தில் வந்திருக்காது. எனவே எல்லை பற்றிய குறிப்பையும் மறுகணக்கீடு பற்றிய குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டாவது குறிப்பே இல்லை என்றால், அதுவும் ஒரு தகவல்தான்.

கொள்முதல்காரர் எழுதியது:

நான் கருவிகள் வாங்கும் பக்கத்தில் இருப்பவன். இவ்வளவு பேசியும் பெரிய பகுதி இன்னும் மேசைக்கு வரவில்லை. தன் மின்சாரத்தைச் சான்றிதழால் சுழியாக்கிக்கொண்ட நிறுவனத்தில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஸ்கோப் 3 மட்டுமே: விற்கும் கைபேசி, வீட்டுக்குக் கொடுக்கும் ரௌட்டர், வாங்கும் ஆண்டெனா, இழுக்கும் கேபிள்.

இந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறோம் என்று தெரிந்தால் வியப்பீர்கள். ஆயிரக்கணக்கான வழங்குநர்களிடம் உண்மையான அளவீடு கிடைப்பதில்லை என்பதால், செலவழித்த தொகையைத் துறைச் சராசரிக் காரணியால் பெருக்குகிறோம். விலைவாசி ஏறினால் உமிழ்வும் ஏறியதாகக் கணக்கு சொல்லும். பேரம் பேசி விலையைக் குறைத்தால் உமிழ்வு குறைந்ததாகச் சொல்லும். மின்சாரம் குறைவாக இழுக்கும் நல்ல கருவியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினால், கொள்முதல் பக்கத்தில் நாங்கள் குற்றவாளிகள். இதிலிருந்து வெளியேற ஒரே வழி, வழங்குநரிடம் அந்தப் பொருளுக்கே உரிய வாழ்நாள் மதிப்பீட்டை ஒப்பந்தத்தில் கேட்பது. சிறிய நிறுவனம் கேட்டால் பதில் வராது. அதனால்தான் 2010-லிருந்து ஜேஏசி என்ற கூட்டமைப்பில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து வழங்குநர்களின் ஆலைகளைத் தணிக்கை செய்து, முடிவுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. கைபேசிகளுக்கு 2021-இல் ஐந்து ஐரோப்பிய நிறுவனங்கள் சேர்ந்து ஈகோ ரேட்டிங் என்ற மதிப்பெண் முறையைத் தொடங்கின. நீடித்த உழைப்பு, பழுதுபார்க்கும் வசதி, மறுசுழற்சிக்கு ஏற்ற தன்மை ஆகியவையும் அதில் எடைபோடப்படுகின்றன. ஸ்மார்ட்ஃபோனின் வாழ்நாள் உமிழ்வில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அது பெட்டியைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுவதால், அதை ஓராண்டு கூடுதலாக வைத்திருப்பதற்கு ஈடான சேமிப்பு சார்ஜரில் இல்லை.

வீட்டு ரௌட்டரின் கணக்கு இதற்கு நேர்மாறு. 10 வாட் இழுக்கும் பெட்டி ஓராண்டு அணையாமல் இருந்தால் 87.6 யூனிட், பத்து லட்சம் வீடுகளுக்கு 8.76 கோடி யூனிட். கட்டணம் வாடிக்கையாளருடையது என்பதால் நிறுவனத்தின் மின்சார அட்டவணையில் இது வராது. அந்தப் பெட்டியின் காத்திருப்பு மின்சாரத்தை 2 வாட் குறைக்கச் சொல்லி நான் எழுதிய விவரக்குறிப்பு, விலை உயரும் என்ற ஒரே காரணத்தால் இருமுறை திரும்பி வந்தது.

செம்புக்கம்பி எழுதியது:

நிலவழித் தொடர்பைப் பற்றி எவரும் பேசவில்லையே! செம்பிலிருந்து ஒளியிழைக்கு மாறுவது இத்துறையின் மிகப் பெரிய சுற்றுச்சூழல் வேலைகளுள் ஒன்று. இணைப்பகத்துக்கும் வீட்டுக்கும் இடையில் மின்சாரம் தேவைப்படாத ஒளிப்பிரிப்பிகள் மட்டுமே இருக்கும் வலையமைப்பு ஒரே இடத்திலிருந்து அகன்ற பரப்பைச் சேரும். பல சிறிய இணைப்பகங்களை ஏசியோடும் பேட்டரியோடும் மூடிவிடலாம். தோண்டி எடுக்கும் செம்பு மறுசுழற்சிக்குப் போகிறது.

ஆனால் பழைய வலையமைப்பு விட்டுச்செல்லும் சுமையும் உண்டு. பழைய மரக்கம்பங்களில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கிறது. அவற்றை விறகாக எரிக்கக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதைத்த கேபிள்கள் பலவற்றுக்கு ஈய உறை. அமெரிக்காவில் 2023-இல் இந்த ஈயக் கேபிள்கள் பெரிய செய்தியாகி, தொலைபேசி நிறுவனங்களின் பங்கு விலைகளையே ஆட்டிவைத்தன. கார்பன் கணக்கில் இவற்றுக்கு வரியே கிடையாது.

மின்கழிவும் அப்படித்தான். உலகம் 2022-இல் உருவாக்கிய மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு என்றும் ஐ.நா.வின் மின்கழிவுக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது.

அலைக்கற்றை எழுதியது:

செம்புக்கம்பி சொன்னதோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். பழையதை அணைப்பது எப்போதும் இலாபம் என்று சொல்ல முடியாது. 3ஜியை அணைத்தால் கோபுரத்தில் மின்சாரம் மிச்சமாவது உறுதி. அதே நாளில் 3ஜியை மட்டும் நம்பியிருந்த கைபேசிகளும், மீட்டர்களும், மின்தூக்கி அவசர அழைப்புக் கருவிகளும் குப்பையாகின்றன. முதல் எண் நிறுவனத்தின் அட்டவணையில் சேமிப்பாக வருகிறது. இரண்டாவது எவருடைய அட்டவணையிலும் வருவதில்லை.

செம்புக்கம்பி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். அறிவிப்புக்கும் அணைப்புக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கொடுக்கிறார்கள் என்பதில்தான் அது தீர்மானமாகும்.

ஐயமுடையான் எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. 'எங்கள் சேவையால் உலகம் தவிர்த்த உமிழ்வு, எங்கள் உமிழ்வைப்போல் பத்து மடங்கு' என்ற வகை வாக்கியம். காணொலிக் கூட்டத்தால் தவிர்க்கப்பட்ட பயணத்தைச் செல்பேசி நிறுவனமும், மென்பொருள் நிறுவனமும், மடிக்கணினி உற்பத்தியாளரும் தனித்தனியே தத்தம் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அதே இணைப்பால் கூடுதலான பயணமும் கூடுதலான வாங்குதலும் எவர் கணக்கிலும் இல்லை. இதை முறைப்படுத்த, ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு 2022-இல் எல்.1480 என்ற பரிந்துரையை வெளியிட்டது; எதிர்விளைவுகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. அறிக்கையில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்பது என் கருத்து.

தணிக்கைமேசை எழுதியது:

ஐயமுடையானோடு முழுக்க உடன்படுகிறேன். தவிர்த்த உமிழ்வை நிறுவனத்தின் சொந்த இலக்கோடு கூட்டவோ கழிக்கவோ கூடாது. இலக்கைப் பற்றியும் ஒரு சொல். புவி வெப்ப உயர்வு 1.5 பாகை வரம்புக்குள் இருக்க வேண்டுமானால் இத்துறை 2020-க்கும் 2030-க்கும் இடையில் தன் உமிழ்வை 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று ஐடியு, செல்பேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ, எஸ்பிடிஐ முதலியவை 2020-இல் சேர்ந்து வரையறுத்தன. 2050-க்கான நிகரச்சுழி (நெட் ஜீரோ) வாக்குறுதியைவிட, அந்தப் பத்தாண்டில் எவ்வளவு நடந்திருக்கிறது என்று பார்ப்பது எளிது, பயனுள்ளதும்கூட.

வாசகி27 எழுதியது:

எல்லோரும் சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் முறையாக அந்த அறிக்கையைப் படித்தேன். எல்லை, செயல்பாட்டுக் கட்டுப்பாடு என்று ஒரே வரியில் இருக்கிறது. குத்தகைச் சொத்துகளுக்கான எட்டாம் வகைக்கு நேரே, கோபுரங்களை விற்ற ஆண்டுக்கு முன்னும் பின்னும், 'பொருந்தாது' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அடிப்படை ஆண்டு மறுகணக்கீடு செய்யப்பட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை. ஆக, அந்த டீசல் ஸ்கோப் 1-லிருந்து கிளம்பியது. ஸ்கோப் 3-க்கு வந்து சேரவில்லை. குளிர்வாயு ஒரே எண்ணாக, எல்லா ஆண்டுகளிலும் மாறாமல் இருக்கிறது. கோபுரத்தடி ஐயா சொன்ன சட்டைப்பைப் பதிவேடு நினைவுக்கு வந்தது.

அறிக்கையின் கடைசியில் நிலைத்தன்மைப் பிரிவுக்கான மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தார்கள். விற்ற கோபுரங்களின் எரிபொருள் இப்போது எந்த வரியில் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டு நேற்று எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இதே இழையில் இடுகிறேன்.